தபாலில் வந்ததை நம்பாதே

பார்மா,
6 பிப்ரவரி 1934

என் அன்பிற்குரிய மகள் எர்சீலியாவுக்கு,

உன் தந்தை எகிஸ்தோ எழுதிக்கொள்வது. நம் நகரம் முன்பைவிட அமைதியாகவும் செழிப்பாகவும் இருக்கிறது. உழைக்க விரும்புவோர் அனைவருக்கும் வேலை கிடைக்கிறது. நீ தவறானவர்களின் பேச்சைக் கேட்டு நாட்டைவிட்டுப் போனாய். ஆயினும் அரசாங்கம் உன்னை மன்னிக்கத் தயாராக உள்ளது. பாரிஸிலுள்ள நம் தூதரகத்துக்குச் சென்று, இதுவரை எழுதியவை எல்லாம் பொய் என்று ஒரு தாளில் கையெழுத்திட்டால் போதுமானது. பயணச் சீட்டை அவர்களே தருவார்கள்.

என் உடல்நிலை மிகவும் மோசமாகிவிட்டது. நுரையீரல் கெட்டுவிட்டதாக மருத்துவர் கூறுகிறார். கண்ணை மூடுவதற்குள் உன்னைக் காண விரும்புகிறேன். காலம் தாழ்த்தாமல் புறப்பட்டு வரவும்.

இங்ஙனம்,
உன் அன்புத் தந்தை
எகிஸ்தோ


பார்மா,
பிப்ரவரி, அதே வாரம்

சீலா,

தபாலில் ஒரு கடிதம் வந்திருக்கும், அல்லது நாளை வரும். அதை நம்பாதே. கையெழுத்து என்னுடையது, வார்த்தைகள் என்னுடையவை அல்ல. இத்தனை மரியாதையாக நான் உனக்கு எழுதியதே இல்லை என்பதால் உனக்கே சந்தேகம் வந்திருக்கும். இந்தக் கடிதத்தை எல்லைவரை ஒரேஸ்தே கொண்டுவருகிறான், உன்னை மலைவழியாக அனுப்பிவைத்த அதே ரயில்காரன். அதற்கப்பால் யார் கையில் வரும் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படித்ததும் எரித்துவிடு.

நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை போலீஸ் அதிகாரி வந்தார். முன்பு வந்து அலமாரிகளை எல்லாம் கவிழ்த்துப்போட்டவர் இல்லை. இவர் புதியவர், படித்தவர், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். என் உடம்பைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். பிறகு தாளும் பேனாவும் எடுத்து மேசைமேல் வைத்தார். ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு படுக்கை தயாராக இருக்கிறதாம், நீ வந்து சேர்ந்த மறுநாளே சேர்த்துக்கொள்வார்களாம். அங்கே கொடுக்கும் சூப்பை நான் குடித்திருக்கிறேன் ஐயா, அதற்கு என் வீடே மேல் என்றேன். அவர் சிரித்தார். அப்புறம்தான் சொன்னார்:

“ஒங்க பொண்ணு எழுதுறத அங்க யாரும் படிக்கிறதில்ல, பெரியவரே. இங்கயும் யாரும் படிக்கல. யாருக்காக அது இப்படிக் கிடந்து கஷ்டப்படணும்? அப்பா கூப்பிட்டா வந்துரும்.”

அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். ஏன் மறுக்கவில்லை என்று நீ கேட்பாய். ஃபாசிஸ்டுகளின் கறுப்புச் சட்டை தைக்க மாட்டேன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னவன்தானே நான், அதனால்தானே பாதி வாடிக்கையாளர்கள் போனார்கள். ஆனால் அன்றைக்கு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில், மாடிவீட்டு அர்ஜீயாவின் கணவனுடைய கால்சட்டை மடித்து வைத்திருந்தது. அதற்குள் உன் புத்தகத்தின் ஆறாம் அத்தியாயம் இருந்தது. நான் மறுத்திருந்தால் வீட்டைச் சோதனை போட்டிருப்பார்கள். என்னோடு போகாது, எத்தனையோ வீடுகள் மாட்டியிருக்கும்.

உனக்கு இது தெரியாதல்லவா? முதலிலிருந்து சொல்லவேண்டும்.

போன இலையுதிர் காலத்தில் ஒரேஸ்தே உன் நாவலைக் கொண்டுவந்து கொடுத்தான். மேலட்டை மாட்டு வைத்தியப் புத்தகத்தினுடையது. முதல் பக்கத்தைத் திருப்பினேன், தக்காளித் தொழிற்சாலை வாசலில் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதற்குமேல் என்னால் அன்றைக்குப் படிக்க முடியவில்லை. பத்தொன்பது வயதில் நீ அந்த வாசலுக்குப் போய் நின்று, அந்தப் பெண்களிடம் கேட்டு எழுதிய முதல் கட்டுரை எனக்கு நினைவு வந்துவிட்டது. அது வந்த பத்திரிகை இப்போது இல்லை. அச்சகத்தை ஃபாசிஸ்டுகள் உடைத்து, ஈய எழுத்துகளை அள்ளி ஆற்றில் கொட்டிய அன்று நீ அழாமல் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தாய். உன் அம்மா இருந்திருந்தால் அடித்தாவது அழவைத்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தை நான் முதலில் அர்ஜீயாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. இருபது கோடைக்காலம் அந்தத் தொழிற்சாலையில் நின்றவள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். முடித்ததும் சொன்னாள்:

“அண்ணே, என் முட்டி வலி இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் என் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னதில்லையே.”

மறுநாள் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த நாள் மாடிப்படியில் உட்கார இடமில்லை. இது ஆபத்து என்று எனக்குத் தோன்றியது. ஆகவே ஒரு காரியம் செய்தேன், நீ கோபிக்கக்கூடாது. உன் புத்தகத்தின் தையலைப் பிரித்துவிட்டேன். பகுதி பகுதியாகக் கால்சட்டையிலும் கோட்டிலும் வைத்து, தைத்த துணியோடு வீட்டுக்கு வீடு அனுப்பினேன். படித்துவிட்டுப் பொத்தான் அறுந்துபோனதாகச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். இந்தக் குளிர்காலத்தில் நம் பேட்டையில் பொத்தான் அறுந்ததுபோல வேறெங்கும் அறுந்திருக்காது. டிராம் கண்டக்டரின் மனைவி, கதையில் தன் பெயர் ஏன் இல்லை என்று சண்டைக்கு வந்தாள். சலவைக்காரப் பெண்கள் இருவர், கதையில் வரும் வேலைநிறுத்தத்தில் முதலில் கையை உயர்த்தியது யார் என்று துறையிலேயே வாக்குவாதம் செய்து, பிறகு பயந்துபோய் ஏதோ பாட்டைப் பற்றிப் பேசியதாகச் சமாளித்தார்களாம்.

இதையெல்லாம் அந்த அதிகாரிக்குச் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

உன் போன கடிதத்தில், பகலெல்லாம் அடுத்தவர் துணிக்கு இஸ்திரி போட்டுவிட்டு, ராத்திரி அங்கே யாருக்கும் புரியாத மொழியில், யாருக்கென்றே தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் கடந்தது என்றும் எழுதியிருந்தாய். பேனாவை வைத்துவிடலாமா, ஊருக்கே வந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதாமல் நான் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். வந்துவிடு என்று கை எழுதிவிடுமோ என்ற பயம்தான்.

புத்தகத்தைப் பற்றி எனக்கு ஒரே ஒரு குறை. அதில் வரும் தையல்காரரை நீ மூன்றாம் அத்தியாயத்திலேயே கொன்றுவிட்டாய். போலீஸ் என்னைத் தேடி வரக்கூடாது என்றுதான் செய்திருப்பாய், புரிகிறது. சவ ஊர்வலத்தை நன்றாகவே எழுதியிருக்கிறாய். பேட்டையே கடையை அடைத்துவிட்டு வருகிறது, மகள் முன்னால் நடக்கிறாள். அந்தப் பக்கத்தை மட்டும் நான் யாருக்கும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அவ்வப்போது படிக்கிறேன். எனக்கு அதில் திருப்திதான், சீலா. அதைவிட நன்றாக யாராலும் நடத்த முடியாது. ஆகவே அப்படியொரு காரியத்துக்காக நீ ஒருநாளும் எல்லையைத் தாண்டி வரவேண்டியதில்லை. புரிகிறதா?

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இருமல் இருக்கிறது, பனிமூட்டத்தில் யாருக்குத்தான் இல்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன், பழகிவிட்டது. ராத்திரியில் அர்ஜீயா சமையலறையில் வந்து படுத்துக்கொள்கிறாள். மாடியில் குளிராம். டாக்டர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எட்டிப்பார்க்கிறார். நல்ல மனிதர், சீட்டு விளையாட ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. தையல் இயந்திரத்தை அர்ஜீயாவின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்குக் கல்யாணம் வருகிறது, எனக்கும் இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதவில்லை. அதனால்தான் எழுத்து ஓரிடத்தில் ஏறியும் ஓரிடத்தில் இறங்கியும் இருக்கிறது. வேறொன்றுமில்லை.

சாயங்காலங்களில்தான் கொஞ்சம் நீளமாக இருக்கிறது. யாராவது படியேறினால் உன் நடையா என்று காது தானாகவே போய்விடுகிறது. வயதானால் அப்படித்தான்.

உனக்கு ஒரு கோட்டு தைத்து வைத்திருக்கிறேன், இயந்திரம் போவதற்கு முன்பே. ஒரேஸ்தே அடுத்த முறை கொண்டுவருவான். உள்துணி இரட்டையாகப் போட்டிருக்கிறேன். தோள் அளவு நீ போனபோது இருந்ததுதான். நீ இளைத்திருந்தால் தொளதொளவென்று இருக்கும். அதனால் நன்றாகச் சாப்பிட்டு அதற்குச் சரியாகு.

தூதரகப் பக்கமே போகாதே. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. இனிமேல் என் பெயரில் என்ன தபால் வந்தாலும், தந்தியே வந்தாலும், நீ இருக்கிற இடத்திலேயே இரு. உட்கார்ந்து எழுது. இங்கே எல்லாரும் அடுத்தது எப்போது என்று என்னைத்தான் கேட்கிறார்கள்.

காலம் மாறும். அன்றைக்கு நீ வெளிச்சத்தில், ரயிலில், உன் சொந்தப் பெயரோடு வருவாய். ஸ்டேஷனில் நான் இல்லையென்றால் தேடிக்கொண்டு நிற்காதே. நேரே பாலத்தைத் தாண்டி நம் பேட்டைக்குள் வா. எந்தக் கதவை வேண்டுமானாலும் தட்டு. உன்னைத் தெரியாதவர்கள் இங்கே யாருமில்லை.

நீ நன்றாயிரு, மகளே. நீண்ட நாள் இரு.

உன் அப்பா