நேயர் மன்றத்துச் செயலாளர்

ஸ்ரீவில்லிபுத்தூர்
6.2.1989

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

உன் முதல் கடிதம் சனிக்கிழமை ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. இங்கே நானும் அம்மாவும் நலம். பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டுவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நிச்சயமான பெண்ணும் பையனும் பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினால் இரண்டு ஊருக்கும் அது செய்தியாகிவிடும் என்கிறார் உன் அப்பா. அவர் சொல்வதும் சரிதான்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மில்லில் டிசைன் செக்‌ஷன் வேலை. காலை ஏழு மணிக்கு ரேடியோ. செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு ராஜு வீட்டம்மாவிடம் தெலுங்கு எழுத்து. வெள்ளிக்கிழமை மில் விடுமுறை. தங்கை தங்கபாயோடு செண்பகத்தோப்புக் காட்டுக்குப் போய் மலை அணில் வரைவது. சனிக்கிழமை கோயிலில் ஆராதனைப் பாட்டுப் பயிற்சி. மீதி நேரத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு பைண்டிங். நான் கூட்டுறவுத் துறையில் இளநிலை ஆய்வாளன். எதைப் பார்த்தாலும் கடைசியில் என்ன மிச்சம் என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. உன் வாரத்தில் மிச்சம் எதுவும் தெரியவில்லை.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தப்புதான். "ஏலே, அந்தப் பிள்ளைக்குக் கலியாணத்துக்கு வர நேரம் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டு எழுது" என்றாள்.

உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருந்தாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேப்பர் பார்ப்பேன். வேறென்ன என்று யோசித்தேன். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு, நீதான். பதில் அவ்வளவுதான் இருக்கிறது என்பது எனக்கே கொஞ்சம் குறையாக இருக்கிறது.

அன்புடன்
எலியேசர்


ராஜபாளையம்
13.2.1989

அன்பு மிக்க தங்களுக்கு,

கல்யாணத்துக்கு நிச்சயம் வருவேன் என்று அத்தையிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை மட்டும் வைக்க வேண்டாம்.

என் வேலையைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டேன். துண்டின் கரை, படுக்கை விரிப்பின் பூ எல்லாம் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் பிறக்கும். ஒரு கட்டம் ஒரு நூல். எந்த நூல் மேலே தெரிய வேண்டும், எது அடியில் போக வேண்டும் என்று ஒவ்வொரு கட்டமாகச் சிவப்பு மையால் அடைப்பேன். ஒன்று தவறினால் தறி அந்தத் தவறையே மீட்டர் கணக்கில் நெய்து தள்ளும். எனக்குப் பிடித்த வேலை. ஆனால் நான் வரைவதை எங்கள் மேலாளர் சங்கரலிங்கம் சார் பார்ப்பார், பிறகு முதலாளி, பிறகு ஏற்றுமதி ஏஜெண்ட். "இந்தப் பூவைப் பெருசாக்கிருங்கம்மா, வாங்குதவன் கண்ணுக்குத் தெரியணும்லா" என்பார்கள். பெரிதாக்குவேன். அதற்குத்தான் சம்பளம்.

மற்றதெல்லாம் இந்த வேலைக்கு உதவுகிறதா என்று பலரும் கேட்கிறார்கள். உதவாது. நான் வரைந்த அணில் இதுவரை எந்தத் துண்டிலும் ஏறவில்லை. அதன் வாலைப் பெரிதாக்கச் சொல்லவும் ஆள் இல்லை. களைத்துப்போய் வரும் நாளிலும் நான் அதைத் தேடுவது அதனால்தான்.

குறை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் மாமா நாளை அங்கே வருகிறார். என் பழைய டிரான்சிஸ்டரைக் கொடுத்தனுப்புகிறேன். காலை ஏழு மணி, சிற்றலையில் முப்பத்தோரு மீட்டர். கடலுக்கு அப்பாலிருந்து அரை மணி நேரம் தமிழ் ஒலிபரப்பு வரும். முதலில் வெறும் இரைச்சல்தான். முள்ளை மயிரிழை நகர்த்தினால் அதற்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் எழுந்து வரும். அந்த நிலையத்துக்கு நான் மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன், நான்கு வருடமாக. அச்சடித்த அட்டை ஒன்று பதிலாக வரும். வீட்டுக்கு வெளியே இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதே நேரத்தில் நீங்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வது நன்றாக இருக்கும்.

இப்படிக்கு
பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
5.3.1989

என் அன்பான பரிபூரணத்துக்கு,

ரேடியோ கிடைத்தது முதல் ஒரு நாளும் விடவில்லை. மூன்று நாள் இரைச்சல். நான்காம் நாள் குரல் வந்தது. நீயும் இதே வார்த்தையை இப்போது கேட்கிறாய் என்று நினைத்ததும் எனக்குப் பல் விளக்கக்கூட எழுந்திருக்கத் தோன்றவில்லை.

இனி நல்ல செய்தி. சத்தம் கேட்டுப் பக்கத்துச் சைக்கிள் கடைச் செல்லக்கனி வந்தார். மறுநாள் அவர் மைத்துனர். இன்று ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டில் பதினோரு பேர் கூடி, "ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் சர்வதேச வானொலி நேயர் மன்றம்" முறைப்படி தொடங்கியாகிவிட்டது. தலைவர் நான். செயலாளர் யார் என்று கேள்வி வந்தபோது உன் பெயரை நான் முன்மொழிந்தேன், செல்லக்கனி வழிமொழிந்தார். ஒருமனதாக நிறைவேறியது. ரப்பர் ஸ்டாம்ப்புக்கும் சொல்லியாயிற்று, வட்டமாக. நிலையத்துக்கு மன்றத்தின் சார்பில் முதல் கடிதமும் போட்டுவிட்டேன்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போடுகிறேன். உறுப்பினர்களோடு வேனில் செண்பகத்தோப்பு. அணில்களை நீ எல்லாருக்கும் காட்ட வேண்டும். புளியோதரை அம்மா பொறுப்பு.

இப்போது உன் வாரத்தில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது, இல்லையா?

உன்
எலியேசர்


ராஜபாளையம்
21.3.1989

அன்பு மிக்க தங்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை உங்கள் கடிதத்தை நிலையத்தில் வாசித்தார்கள். மன்றத்தின் பெயர், உங்கள் பெயர், பிறகு "செயலாளர் செல்வி பரிபூரணம்." அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்கள். தங்கபாய், "ஏட்டி அக்கா, ஒம் மாப்பிள்ளை ரேடியோ கேக்க ஆரம்பிச்சு ஒரு மாசந்தான் ஆகுது, அதுக்குள்ள அங்கன போயி எடம் போட்டுட்டாரு. நீ நாலு வருசமா எழுதுதியே, ஒண்ணையாவது வாசிச்சானுவளா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

யாருக்காகவும் இல்லை, எனக்காக மட்டும்தான் எழுதுகிறேன் என்று நினைத்திருந்தேன். உங்கள் வரியில் ஏதோ ஓர் இடத்தில் அதை வாசித்த பெண் மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வந்திருக்க வேண்டியது என்று தோன்றியது. எனக்கு வந்தது பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. மில்லுக்குப் போய் மதியம் வரை ஒரு கட்டம்கூட அடைக்கவில்லை. "உடம்பு சரியில்லையாம்மா?" என்று சங்கரலிங்கம் சார் கேட்டார். ஆமாம் என்றேன்.

உங்களைக் கேட்கச் சொன்னது நான்தான். பக்கத்தில் உட்காருவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் நாற்காலி போட்டுப் பதினோரு பேரை உட்கார வைத்துவிட்டீர்கள். என்னையும் அதில் ஒரு நாற்காலியில். இன்று காலை நான் ரேடியோவைத் திறக்கவில்லை.

செயலாளர் பதவியை நான் ஏற்கவில்லை. வேனும் வேண்டாம். செண்பகத்தோப்புக்குத் தங்கபாய் வருகிறாள் என்றாலும் அங்கே நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை. அணில் அதற்குத்தான் இறங்கி வருகிறது.

பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
28.3.1989

பரிபூரணத்துக்கு,

ஈஸ்டர் ஆராதனை முடிந்து வரும்வரை பதில் எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன். கோபம் குறையவில்லை.

பொறாமை என்று நீ எழுதினாய். அதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். உன் முதல் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வந்தது அதுதான். இன்னொருவன் மேல் என்றால் யார் என்று கேட்டுவிடலாம். அணில் மேலும் தெலுங்கு எழுத்து மேலும் வந்ததை யாரிடம் சொல்ல? நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து உனக்கு ஐந்து சந்தோஷம் காத்திருக்கிறது. எனக்கு ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். எனக்குச் சங்கம் வைக்கத்தான் தெரியும். தெரிந்ததைச் செய்தேன்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "ஆளுக்கொரு ஊர்ல இருக்கையிலயே இப்படின்னா, ஒரே வீட்டுல எப்படிலே? ஓலையைச் செத்தப் பொறுத்து வாசிக்கலாம்னு போதகர்கிட்ட சொல்லு" என்றாள். ஏப்ரல் இரண்டாம் தேதி இரண்டு கோயில்களிலும் நம் கல்யாண அறிவிப்பான முதல் ஓலையை வாசிப்பதாக இருந்தது. நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு இவற்றில் எதை விடுவாய்? எதையும் விட முடியாது என்றால் எதில் எனக்கு இடம்? இரண்டில் ஒன்றுக்கு நேரான பதில் வேண்டும். அது வந்த பிறகுதான் போதகரைப் பார்ப்பேன்.

எலியேசர்


ராஜபாளையம்
4.4.1989

அன்பு மிக்க தங்களுக்கு,

நேரான பதில் கேட்டீர்கள். எதையும் விட மாட்டேன். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எதில் இடம் என்ற கேள்விக்கு எனக்கு அவ்வளவு எளிதாகப் பதில் வரவில்லை. மில்லில் என் கை மற்றவர்களுக்கு உரியது. கல்யாணமானால் உங்கள் வீட்டிலும் என் நேரத்தில் பாதி மற்றவர்களுக்கு உரியதாகும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு நான் ஒரு கதவைச் சாத்துவேன். உங்கள் மேல் கோபத்தால் சாத்துவதாக நினைத்தால் தினமும் கஷ்டப்படுவீர்கள். அரை மணி கழித்துத் திறக்கும்போது வெளியே வருகிறவள் உங்களோடு பேச ஆசைப்படுகிறவளாக இருப்பாள். கதவே இல்லாவிட்டால் அவள் அப்படி இருப்பாளா என்று என்னால் சொல்ல முடியாது.

உங்களுக்குப் பொறாமை வரும். எனக்கும் வந்தது. மூன்றே வாரத்தில் பதினோரு பேரை ஒரு வீட்டில் உட்கார வைத்துச் சிரிக்க வைக்க உங்களுக்குத் தெரிகிறது. எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. அதன் மேலும் எனக்குப் பொறாமைதான், இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. இதைத் தீர்த்துவிட நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். மன்றத்தைக் கலைக்கவும் வேண்டாம். செல்லக்கனி அண்ணன் என்ன பாவம் செய்தார்?

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இந்த வயதில் கற்றுக்கொள்ள வெட்கம். அதில் உங்களுக்கு முழு இடம் இருக்கிறது.

இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. இது போதாது என்றால் ஓலை வாசிக்க வேண்டாம். நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு
பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.4.1989

என் அன்பான பரிபூரணத்துக்கு,

மன்றத்தின் அவசரக் கூட்டம் ஒன்பதாம் தேதி நடந்தது. தீர்மானம் ஒன்று: செல்லக்கனி செயலாளர். தீர்மானம் இரண்டு: மன்றம் இனி இரவு எட்டே கால் மணிக்கு வரும் வேறொரு நிலையத்தைக் கேட்கும், காலை ஏழு மணி ஒலிபரப்புக்கு மன்றத்தின் பெயரில் யாரும் கடிதம் எழுதக் கூடாது. "ஏன் தலைவரே, அதுதான நல்லாக் கேக்கு?" என்றார் செல்லக்கனி. காரணம் குறிப்பில் பதிவு செய்யப்படவில்லை.

காலை ஏழு மணிக்கு நான் இப்போது வெளியே நடக்கப் போகிறேன். முதல் நாள் மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த அரை மணி நேரம் நீ எப்படி இருப்பாய் என்று எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. இது கஷ்டமாகத்தான் இருக்கிறது. பழகிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன்.

நேற்று உங்கள் கோயிலிலும் நம் ஓலையை வாசித்திருப்பார்கள். இங்கே இரண்டாவது ஆராதனையில் வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது காரணம் உண்டா என்று போதகர் கேட்டு நிறுத்தியபோது, அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "எல்லாம் சரியாப் போச்சாலே, மனசுல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

"பொறாமை அப்படியேதான் இருக்கும்மா" என்றேன். "ஆனா அது தடை இல்ல."

உன்
எலியேசர்