ஒழுகிய வேனும் விற்கச் சொன்ன மகனும்

உக்குவளை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஷிஃபானுக்கு வாப்பா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் சுகமாக இருக்கிறோம், மெல்பேர்னில் நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே சுகமாக இருக்கத் தொழுகைக்குத் தொழுகை துஆ செய்கிறோம். சுகம் விசாரித்து முடிந்தது, இனிச் சண்டை. இதை ஃபோனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். சொல்ல முடியாது. நான் அனுப்புகிற வொய்ஸ் மெசேஜை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக உன் தங்கை பஹ்மிதா சொன்னாள். பெற்ற தகப்பனைக் கோழி கொக்கரிக்கிற மாதிரி ஓடவிட்டுக் கேட்கிற பிள்ளைக்குக் கடிதம்தான் சரி. இதை ஓடவிட முடியாது, உட்கார்ந்து வாசி.

போன மாதம் நீ சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் கிடக்கிறது. அந்த ஊத்த வேன வித்துடுங்க வாப்பா, நீங்க கவனமாப் பாத்திருந்தா இப்பிடி ஒழுகுமா, நான் காசு அனுப்புறேன், உம்மாவுக்குக் கார் ஹயர் பண்ணுங்க என்றாய். கவனமாகப் பார்த்திருந்தால்! வெள்ளைக்காரர்களை ரிவஸ்டனுக்கும் சீகிரியாவுக்கும் கூட்டிப் போக என்று அந்தக் கிழட்டு வேனை வாங்கி, உள்ளே கட்டில் அடித்து, கை கழுவத் தொட்டி வைத்து, கூரையில் காற்று வர மூடி வைத்து, வீட்டு முற்றத்தை இரண்டு வருஷம் மரத்தூளாக்கியது நீ. விசா வந்ததும் பலாமரத்தடியில் விட்டுவிட்டுப் போனதும் நீ. அதற்குப் பெற்றரி மாற்றி, டயர் மாற்றி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்கு முன் கழுவித் துடைத்து ஓடவைத்தவன் நான். உம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் செய்த பிறகு அவளால் நெடுநேரம் உட்கார முடியாது என்பது உனக்குத் தெரியும். கார் சீட்டில் உட்காரவைத்து வத்தேகம வளைவுகளில் ஒரு தரம் கண்டிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம், கிளினிக் வாசலில் இறங்கும்போது அவள் முகத்தில் இரத்தமில்லை. அதற்குப் பிறகுதான் உன் வேன். கட்டிலில் கால் நீட்டிப் படுத்துப் போவாள், படுத்து வருவாள். அந்தக் கட்டில் இல்லாவிட்டால் அவளுக்குக் கண்டியும் இல்லை, கிளினிக்கும் இல்லை. காசு அனுப்புகிறேன் என்றாயே, உன் காசை விரித்து அதன்மேல் படுக்கவா அவள்?

ஒழுக்கு எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியவந்தது பஹ்மிதா அலுவிகாரையிலிருந்து வந்து பெட்ஷீட் மாற்றிய அன்றுதான். மெத்தையின் ஒரு முனை ஊறிக்கிடந்தது. அவள் அதை வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினாள், நீ என்னைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்றினாய். அதோடு அவள் விடவில்லை, துணியை முகர்ந்து பார்த்து, உம்மாவுக்கு இப்ப அலசத் தெரியல்ல, சவர்க்கார வாடை அப்படியே ஈக்கிது என்று தாயையும் ஒரு பிடி பிடித்தாள். எனக்கு அப்போதே ஒரு மாதிரியாக இருந்தது. நாற்பது வருஷம் மாத்தளைக் கடைத்தெருவில் துணி கிழித்து விற்றவன் நான், உன் உம்மா அலசிய துணியில் ஒரு நாளும் சவர்க்காரம் மிஞ்சி நான் கண்டதில்லை.

பிறகு வாகனம் திருத்துகிற பாஸ்மார் வந்தார்கள். முதலில் வந்த டிங்கரிங் பாஸ் மெத்தைக்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்து, காற்று மூடியைச் சுற்றித்தான் ஒழுகுகிறது என்று ஒரு குழாய் சிலிக்கோனை அதில் பிதுக்கிவிட்டுப் போனார். அடுத்த மழைக்கும் ஒழுகியது. இரண்டாவது பாஸ் வந்து பின்கண்ணாடி ரப்பர் செத்துவிட்டது என்றார், அதற்கும் சிலிக்கோன். அதற்கும் ஒழுகியது. மூடி செய்தவன் சரியாகச் செய்யவில்லை, அந்தப் பொடியனுக்கு வேலை தெரியாது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் உன்னைத்தான் சொன்னார்கள், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் இது பொறுக்கவில்லை. என் பிள்ளையை நான் ஏசலாம், வாளியில் சிலிக்கோன் கொண்டு வருகிறவன் ஏசக்கூடாது. மூடியின் ஓரத்தில் தண்ணீர் வழிந்து போக நீ விட்டிருந்த சின்னத் துவாரங்களையும் சேர்த்து அவர்கள் அடைத்துவைத்திருந்தார்கள், வழியத் தண்ணீருக்கு இடமே இல்லை. வேலை தெரியாதவன் யார் என்று நீயே சொல்லு.

எனக்கு வழி காட்டியது கண்டி கிளினிக் வாசல். அங்கே மூக்கு இறக்கத்தில் இருக்கும்படி வேனை நிறுத்தியிருந்தேன், நல்ல மழை, மெத்தைப் பக்கம் ஒரு சொட்டு இல்லை, என் தொப்பியில் சொட்டுகிறது! நம் முற்றம் பின்பக்கம் சரிவு, அங்கே நின்றால் பின்னால் சொட்டும், இங்கே முன்னால் சொட்டுகிறது. அப்படியானால் தண்ணீர் இறங்குகிற இடம் வேறு, விழுகிற இடம் வேறு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். வீட்டுக்கு வந்து மறுநாளே உள்கூரையின் லைனிங் துணியைக் கழற்றினேன். கடையை மூடியபோது கொண்டுவந்த வெள்ளைப் பொப்லின் மிச்சம் இருந்தது, அதைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கூரைத் தகரத்தைத் தாங்குகிற வளைகளில் முன்னிருந்து பின் வரைக்கும் வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் துணிக்குப் போடுகிற நீலத்தூளைத் தூவினேன். காய்ந்த நீலம் சும்மா கிடக்கும், ஒரு சொட்டு பட்டால் பொல்லாத நீலமாகப் பரவும், அது துணிக்காரனுக்குத் தெரியும். பஹ்மிதா ஹோஸ் பைப்பைப் பிடித்தாள், கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடமாக நனைக்கச் சொன்னேன், எல்லாவற்றிலும் ஒரேயடியாக ஊற்றினால் திருடனைப் பிடிக்க முடியாது. கதவுக்கு ஒன்றுமில்லை. பின்கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. உன் மூடிக்கு, கேட்டுக்கொள், ஒன்றுமே இல்லை. டிரைவர் தலைக்கு மேலே கூரையில் தண்ணீர் பட்டதும் முதல் துண்டு நீலமானது, அதோடு நுரையும் வந்தது. நீல நுரை! உம்மா அலசாத சவர்க்காரம் கூரையிலிருந்து இறங்குகிறது!

ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்ட்டுக்குக் கீழே நாலு இடம் சின்னதாகப் புடைத்திருந்தது, நகத்தால் கீறினால் துணி துவைக்கிற சவர்க்காரம், பாதி கரைந்து, சுற்றிலும் துரு. நாலு ஓட்டை, ஸ்பீக்கர் ஹோர்ன் பூட்டுகிற அளவு. அந்த நிமிஷமே எனக்கு விளங்கியது, உன் உம்மாவின் அருமைத் தம்பி, உன் ரவூப் மாமா. ஆபரேஷனுக்குப் பிறகு நாங்கள் அலுவிகாரையில் பஹ்மிதா வீட்டில் தங்கியிருந்த நாட்களில் வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது. மீலாத் ஊர்வலத்துக்கு வாகனம் தேவை என்று யாரோ சொன்னார்களாம், இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உன் வேனை எடுத்துக் கொடுத்திருக்கிறார், கொடுத்ததோடு நிற்காமல் தானே துளை போட்டு ஹோர்னும் பூட்டியிருக்கிறார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! கூப்பிட்டுக் கேட்டால் முகத்தில் ஒரு கூச்சம் வேண்டுமே, இல்லை. நன்மையான வேலதானே மச்சான், ஒங்களுக்கும் பங்கு ஈக்கிது என்கிறார். ஏன் சவர்க்காரம் என்று கேட்டேன். லொறியில பெற்றோல் டேங்க் ஓட்டையானா நாங்க சவர்க்காரம்தானே தேய்க்கிற, எத்தன தரம் புத்தளம் வரைக்கும் ஓடிப் போயிரிக்கேன் என்றார். பெற்றோலில் கரையாத சவர்க்காரம் மழையிலும் கரையாதா மகன்? லொறியில் தலை நரைத்த மனிதன்! குளிக்கும்போது கூடவா சவர்க்காரம் தேய்ந்துபோவதைப் பார்க்கவில்லை? கேட்டு வாங்கியிருந்தால் நானே கொடுத்திருப்பேன், நல்ல காரியத்துக்கு இல்லை என்று இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. கேட்காமல் எடுத்து, ஓட்டை போட்டு, ஒளித்து, பெயின்டும் அடித்துவிட்டு நன்மையில் பங்கு தருகிறாராம். நன்மை அவருக்கு, நனைந்தது என் பெண்சாதி.

ஏசினேன், நன்றாக ஏசினேன், பிறகு அவரையே கூரையில் ஏற்றினேன். சவர்க்காரத்தைச் சுரண்டி, சுடுதண்ணீரால் கழுவி, வெயிலில் காயவிட்டு, துருவைத் தேய்த்து எடுத்து, ஓட்டைக்கு ஓட்டை தகரத்துண்டு வைத்து, மேலும் கீழும் ரப்பர் வொஷர் போட்டு ஆணி முறுக்கி, அதற்கு மேல் பசை பூசி, பெயின்ட் அடித்தோம். பாஸ்மாரின் சிலிக்கோனை நான் பிளேடால் வழித்து எடுத்தேன், உன் துவாரங்களைத் திறந்துவிட்டேன். மாமா முதுகு வலிக்கிறது என்றார், நான் காதில் வாங்கவில்லை.

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வானம் இருட்டி வந்தது. மறுநாள் நீ ஏற்பாடு செய்த கலேவெல ஜைனுதீன் வேனை வாங்குவதற்காகப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார், அதற்கு முன் மழைக்குத் தாங்குகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் படுத்துப் பாக்கிறேன் என்று உம்மா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து ஏறினாள். ஏறியவள் என்ன செய்தாள் தெரியுமா, தலையணை உறைக்குள் கையை விட்டு மடித்த பொலித்தீன் ஒன்றை எடுத்து, மெத்தையின் அந்த முனையில் விரித்து, அதன்மேல் காலை வைத்துப் படுத்தாள். பழகிய கை, யோசிக்காமல் செய்தது. இது என்ன என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நாளாகத் தலைமாடு கால்மாடு மாற்றிப் படுத்தபோது, இப்பிடிப் படுத்தா தல சுத்தல்ல என்று என்னிடம் சொன்னவள். கிளினிக்கில் டொக்டர், காலில் போட்ட மேஸ் ஏன் ஈரம் என்று கேட்டபோது தண்ணீர் கொட்டிவிட்டது என்று சொன்னவள். அத்தனை பயணமும், அத்தனை மழையும், நனைந்த காலோடு படுத்து வந்திருக்கிறாள் மகன், முன்சீட்டில் இருந்த எனக்குத் தெரியாமல்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளையும் ஏசினேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் மெதுவாகச் சொன்னாள், ஒழுகுதுண்டு தெரிஞ்சா விக்கச் செல்லுவான், பிள்ள கையால செஞ்ச கட்டில், வித்துட்டா அவன் இஞ்ச இருந்ததுக்கு அடையாளமா என்ன ஈக்கி என்று. அவள் பயந்தபடியேதானே நீ சொன்னாய்?

பொலித்தீனைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். மழை பிடித்துக்கொண்டது, உக்குவளை மழை உனக்குத் தெரியும், கூரையில் கல் கொட்டுகிற மாதிரி. நான் டிரைவர் சீட்டில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு இல்லை. உம்மா காலால் பெட்ஷீட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள், காஞ்சிதான் ஈக்கிது என்றாள், இரண்டு தரம் சொன்னாள். திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டாள். எங்கேயும் போகாத வேனில், நம் முற்றத்தில், மஃரிப் பாங்கு சொல்லும் வரை தூங்கினாள், எழுப்ப எனக்கு மனமில்லை.

மறுநாள் ஜைனுதீன் வந்தார், நல்ல மனிதர்தான், அவர்மேல் எனக்கு ஒன்றுமில்லை. கட்டிலைக் கழற்றி எறிந்துவிட்டு மிளகாய் மூட்டை ஏற்றலாம், தம்புள்ளைக்கு நல்ல வசதி என்று கட்டிலைத் தட்டிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா வாசலில் வந்து நின்று, வேன் விக்கிறதுக்கு இல்ல, டீ குடிச்சிட்டுப் போங்க என்றாள். அவரும் குடித்துவிட்டுப் போனார்.

குளிரில் குழந்தைக்குக் காது மறைத்துத் தொப்பி போடுங்கள், மருமகளை வேலை வேலை என்று அலையவிடாதே, சுபஹுத் தொழுகையை விடாதே. அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தருவானாக. ரவூப் மாமாவும் சலாம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன், என் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வேன் சாவி இப்போது என்னிடம் இல்லை, உம்மா தன் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள், தூங்கும்போதும் அவிழ்ப்பதில்லை. விற்றே ஆகவேண்டுமென்றால் ஃபோனில் சொல்லாதே, நீயே வந்து அந்த முடிச்சை அவிழ்த்து எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் துஆவை எதிர்பார்க்கும் வாப்பா,
பதுர்தீன்