முறைப்படி சேர்த்த ஜோடி

திருவெள்ளறை
11.2.2024

அன்புத் தங்கை விஜயராணிக்கு அண்ணன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் அண்ணி, வைஷ்ணவி, கூண்டில் இருக்கிற புறாக்கள் அத்தனை பேரும் சௌக்கியம். அங்கே மாப்பிள்ளைக்கு முட்டிவலி தேவலையா? சுரேஷ்குமாருக்கு நைட் ஷிப்ட் முடிந்ததா?

நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாலே வைஷ்ணவிக்குச் சிரிப்பு. "அத்தைக்கு வாட்ஸ்அப்ல போட்டா உடனே பதில் வரும்ப்பா" என்கிறாள். வரும்தான். ஆனால் காது கேளாதோர் பள்ளி ஹாஸ்டலில் உன்னை விட்டுவிட்டு வந்த வாரத்தில் தொடங்கிய பழக்கம் இது. உனக்கு என்றால் எனக்குத் தாளில்தான் வார்த்தை வருகிறது.

வைஷ்ணவிக்குத் தையில் பூ வைத்ததிலிருந்து உன் அண்ணிக்குக் கால் தரையில் இல்லை. வைகாசி முகூர்த்தத்துக்கு ஸ்ரீரங்கத்தில் மண்டபம் பேசி முடித்துவிட்டேன். உன் மகனுக்கு என் மகள், அத்தை மகனுக்கு மாமன் மகள். ஊரில் எவனும் வாய் திறக்க முடியாது.

அடுத்த மாதம் மூன்றாம் தேதி சமயபுரம் தாண்டி ஒரு தோப்பில் எங்கள் சங்கத்துப் போட்டி. இந்த வருஷம் கரணப் புறாவில் கோப்பை எனக்குத்தான். என் புறாக்கள் உயரத்தில் பறக்கும்போது பின்பக்கமாகச் சுருண்டு, உருண்டு, பம்பரம் மாதிரி இறங்குகின்றன. இறங்குவது பெரிதில்லை. பாதியில் சுருளை விட்டு நின்று, திரும்ப மேலே போய்க் கூட்டத்தில் சேர வேண்டும். நிற்பதில்தான் மார்க்.

நான் மற்றவர்கள் மாதிரி கண்டபடி ஜோடி போடுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். இரண்டு ஆண் புறாக்கள் கூடப் பிறந்தவை என்றால், அவற்றின் குஞ்சுகள் ஒன்றுக்கொன்று அண்ணன் தங்கை. அவற்றைச் சேர்க்கவே மாட்டேன். அண்ணன் குஞ்சும் தங்கை குஞ்சும் என்றால் மாமன் மகள், அத்தை மகன். முறை இருக்கிறது, தாராளமாகச் சேர்ப்பேன். வெளிப் புறாவை இத்தனை வருஷமாக உள்ளே விட்டதில்லை. ஒவ்வொரு ஈட்டுக் குஞ்சிலும் கரணம் நீண்டுகொண்டே போகிறது.

நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள ஒரு பெட்டை இருக்கிறது. கூட்டத்திலேயே நீளமான கரணம் அதனுடையதுதான். அதற்கு ராணி என்று உன் பேரை வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அண்ணன் வீரமலை


கே.கே. நகர், திருச்சி
20.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவன், இத்தனை நாளில் தங்கச்சியை நினைத்தாயா? புறாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் டவுனுக்கு ஓடி வருகிறாய். நான் ஒரு கூண்டு வாங்கி அதில் உட்கார்ந்துகொண்டால் வாரம் ஒருமுறை வருவாய் போல.

பேரை வைத்தது சரி. போட்டியில் அது தோற்றால் யார் மானம் போகும்? நன்றாகத் தீனி போடு.

ஒன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் மொட்டை மாடியில் நாம் மல்லாந்து படுத்திருப்போம். புறா கரணம் அடிக்கும்போது சிறகு எப்படித் தட்டும் என்று என் உள்ளங்கையில் உன் விரல்களால் படபடவென்று தட்டிக் காட்டுவாய். எனக்குச் சத்தம் என்றால் அதுதான், அண்ணே. மேளம் என்றாலும் இடி என்றாலும் நான் நினைத்துக்கொள்வது அந்தத் தட்டலைத்தான்.

வைஷ்ணவிக்குப் புடவை எடுத்துவிட்டேன். மாம்பழக் கலர். நேற்று வீடியோவில் காட்டினேன். "அத்தை, இதைக் கட்டினா பஸ் ஸ்டாண்டுல பழம்னு நினைச்சு எடை போட்டுடுவாங்க" என்று கையாலேயே சொன்னாள். சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. இந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். எனக்குப் புரிய வேண்டும் என்று வாயை அகலத் திறந்து பேசுவார்கள், அவசரத்துக்கு எழுதிக் காட்டுவார்கள். கையால் பேச யாருக்கும் பொறுமை கிடையாது. என் மகனுக்கே பத்துச் சைகைக்கு மேல் தெரியாது. பாவாடை கட்டிய வயதிலேயே அதைக் கற்றுக்கொண்டது உன் மகள் ஒருத்திதான். அவள் இந்த வீட்டுக்கு வரப்போகிறாள் என்று நினைத்தால் எனக்கு அடுப்பில் என்ன இருக்கிறது என்பதே மறந்துபோகிறது.

அன்புத் தங்கை,
விஜயராணி


திருவெள்ளறை
4.3.2024

அன்புத் தங்கை விஜயராணிக்கு,

நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

போட்டியில் என் கூட்டம் மேலே போனது. நல்ல உயரம். முதலில் ஒரு ஆண் புறா கரணம் அடித்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அது உருண்டது, உருண்டது, நிற்கவே இல்லை. எங்கள் கண் முன்னால் தரையில் வந்து மோதியது. தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்று. அதற்கடுத்து ராணி. ராணி மட்டும் வைக்கோல் போரில் பட்டதால் உயிர் தப்பியது. காலும் ஒரு பக்கச் சிறகும் ஒடிந்துவிட்டன.

பாலக்கரை பரக்கத் அலியை உனக்குத் தெரியும், சங்கத்தில் மார்க் போடுகிறவர். என்னை ஓரமாகக் கூட்டிப்போய் ஜோடி விவரம் கேட்டார். நானும் பெருமையாகவே சொன்னேன், எல்லாம் முறைப்படிதான் சேர்த்தது என்று. அவர் என்னையே பார்த்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மாமன், பங்காளின்றதெல்லாம் நாம வச்ச பேருங்க. அண்ணன் தம்பி பெத்ததுக்குள்ள எவ்வளவு ரத்தம் ஒண்ணோ, அண்ணன் தங்கச்சி பெத்ததுக்குள்ளயும் அவ்வளவுதான் ஒண்ணு. நீங்க முறை பாத்து முறை பாத்து ஒரே ரத்தத்தையே சுத்திச் சுத்திக் கட்டியிருக்கீங்க. நீளக் கரணத்தோட நீளக் கரணமே சேந்து சேந்து, நிக்கிற புத்தியே போயிடுச்சு."

நிற்கிற புத்தி. அந்த வார்த்தையோடு வீட்டுக்கு வந்தேன். ராத்திரி கண்ணை மூடினால் புறா வரவில்லை விஜயா, நம் வீடு வந்தது. அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை. நான் கட்டியது மாமன் மகளை. உன்னைக் கொடுத்தது அத்தை மகனுக்கு. இப்போது வைஷ்ணவிக்கும் சுரேஷ்குமாருக்கும் நாள் குறித்திருக்கிறோம். நமக்கு முன்னால் பிறந்து ஒரு மாதம்கூடத் தங்காமல் போன இரண்டு பிள்ளைகளையும் நினைத்தேன். உன் காதையும் நினைத்தேன். நம் ரத்தத்தில் இருப்பது இவர்களுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகள் தலையில் விடியக்கூடாது.

இந்தக் கல்யாணம் வேண்டாம். மண்டபத்துக்காரரிடம் சொல்லப்போகிறேன். முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன், உன் அண்ணியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

ராணியைக் கூடையில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். விழுந்ததைக் கழுத்தைத் திருகிக் கழித்துவிட வேண்டும், வைத்திருந்தால் அதே குறை திரும்பத் திரும்ப வரும் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். கை வரவில்லை.

அண்ணன் வீரமலை


கே.கே. நகர், திருச்சி
9.3.2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த நாற்றத்தில்தான் எழுந்தேன். என்னவோ ஏதோ என்று பதறி ஓடி வந்த இவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இருட்டிய பிறகுதான் வந்தார்.

புறா விழுந்ததற்கு என் மகன் கல்யாணம் நிற்க வேண்டுமா? பூ வைத்த பெண்ணை வேண்டாம் என்று எழுத ஒரு பறவை போதுமா உங்களுக்கு?

உன் காதையும் நினைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இத்தனை நாள் உங்களுக்கு நான் தங்கச்சி என்று நினைத்திருந்தேன். ஜோடி தப்பிப் பிறந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. உங்கள் சங்கத்து ஆட்கள் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்திருந்தால் என்னையும் கூடையில் போட்டு மூடியிருப்பார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் வெளியிலிருந்து எவன் வந்தான்? வந்த இரண்டு பேரும் காபி குடித்துவிட்டு, பெண்ணுக்குக் காது கேட்காதா என்று எழுந்து போனார்கள். அத்தைதான் வந்து, "என் அண்ணன் பொண்ண நான் விட்டுக்குடுக்க மாட்டேன்" என்று சொல்லிக் கூட்டிப்போனது. அத்தை உதடு அசைந்ததை நானே பார்த்தேன். நீங்கள் இன்று பழிக்கிற அந்தச் சொந்தம்தான் என்னைக் கழிக்காமல் வைத்துக்கொண்டது.

வைஷ்ணவியை எனக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொள்கிறீர்கள். எனக்கு என்ன போகிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பெட்டையை என்ன செய்தீர்கள்? அதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

விஜயராணி


திருவெள்ளறை
14.3.2024

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் என்று எழுதியிருந்தாய். பிறந்ததிலிருந்து என்னை நீ அப்படிக் கூப்பிட்டதில்லை. கடிதம் வேறு யாருக்கோ வந்துவிட்டதோ என்று கவரைத் திருப்பிப் பார்த்தேன்.

நீ ஜோடி தப்பிப் பிறந்தவள் என்று நான் எந்த ஜென்மத்திலும் நினைத்ததில்லை. நம் பிள்ளைகளை நினைத்துப் பயந்து எழுதினேன். பயத்தில் வார்த்தை எங்கே போய் விழுகிறது என்று பார்க்கவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கல்யாணம் வேண்டாம் என்றதை மாற்ற மாட்டேன். உன் அண்ணி என்னோடு பேசுவதில்லை. வைஷ்ணவி ஒரு நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். பிறகு சுரேஷுக்குப் போன் போட்டு ரொம்ப நேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும். இல்லாததைச் சொல்லி உன்னை ஏமாற்றலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வெள்ளைப் பொட்டுப் பெட்டை இன்னும் ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி இதுதான் ராணி என்றால் உனக்கு எப்படித் தெரியும்? மனசு வரவில்லை.

ராணியைக் கழித்துவிட்டேன் விஜயா. உன் கடிதம் வருவதற்கு முதல் நாள் காலையில். தீனி எடுக்கவில்லை, கால் அழுக ஆரம்பித்துவிட்டது. காரணம் அது என்று எழுதலாம். அது மட்டும் இல்லை. கூண்டைப் பார்க்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் உன் கடிதத்தைப் பிரித்தபோது, அந்தக் கையாலேயே பிரித்தேன்.

நான் சொன்ன இன்னொரு பெட்டை ராணியோடு ஒரே ஈட்டில் பிறந்தது. அது நன்றாகப் பறக்கிறது, சரியாக நிற்கிறது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுக்கட்டுமா? மொட்டை மாடியில் வைத்துக்கொள். நானும் அப்படியே உன்னைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன் அண்ணன்,
வீரமலை


கே.கே. நகர், திருச்சி
21.3.2024

அண்ணனுக்கு,

சுரேஷும் வைஷ்ணவியும் சேர்ந்து போய் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தார்கள். டாக்டர் நம் தாத்தா காலத்திலிருந்து யார் யாரைக் கட்டினார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாராம். நிச்சயமாகக் குறை வரும் என்று சொல்லவில்லையாம். வராது என்று தைரியம் சொல்லவும் அவரால் முடியவில்லையாம். வேண்டாம் என்று அவர்கள் இரண்டு பேரும்தான் முடிவு செய்தார்கள். அதை வைஷ்ணவி என் எதிரில் உட்கார்ந்து, நிதானமாக, கையால் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை அவள் கை நின்றுபோனது. நான் பிடித்துக்கொண்டேன்.

எனக்கும் சம்மதம். மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னது சரிதான். இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

மாம்பழக் கலர் புடவையை அவளிடமே கொடுத்துவிட்டேன். யாரைக் கட்டினாலும் அதைத்தான் உடுத்துவேன் என்றாள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு இங்கே வருவதாகவும் சொன்னாள். தடுக்காதீர்கள். அவளுக்கு அமைகிற மாப்பிள்ளையிடம் இதையும் பேசிவிடுங்கள்.

புறா வேண்டாம். ராணியின் கூடப் பிறந்தது நன்றாகப் பறக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பறக்கும். நீங்களும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

ஞாயிற்றுக்கிழமை வைஷ்ணவியை மட்டும் அனுப்புங்கள்.

விஜயராணி