நாம் சேர்ந்து படித்த போர்த்துக்கேயம்

இன்று காலை பாஸ்போட்டை எடுத்து விரித்தேன். தும்மல் தும்மலாக வந்தது. மிளகாய்த்தூள் நெடி இன்னும் போகவில்லை. நம் இருவருடையதையும் பொலித்தீனில் சுற்றி உன் வீட்டு மிளகாய் டின்னின் அடியில் புதைத்தவள் நீ. “இதுக்குள்ள எவனும் கை விட மாட்டான்டி” என்றாய். உன் புருஷன்மீதே உனக்கு நம்பிக்கை இல்லை. உன் புருஷன்மீது எனக்கும்தான் இல்லை. நீ போன பிறகு உன் மகள்தான் என்னுடையதைத் தேடி எடுத்துத் தந்தாள்.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது நாங்கள் எல்லோரும் தராசைப் பார்ப்போம். நீ நிறுப்பவரின் முகத்தைப் பார்ப்பாய். அப்படிப்பட்ட உன்னை நான்தான் ஹட்டனுக்கு இழுத்துப் போனேன், போர்த்துக்கேயம் படிக்க. போர்த்துக்கலில் பழம் பறிக்கும் வேலை, பாஷையின் அடிப்படை தெரிந்தால் போதும் என்றார்கள். துணிக்கடைக்கு மேல்மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு. ஆட்களை அனுப்பும் ஏஜென்ட்தான் பாடம் நடத்தும் சேர். போனால் இரண்டு பேரும் சேர்ந்து போவது, இல்லாவிட்டால் றொசல்லத் தோட்டத்திலேயே அடுத்தடுத்த லயன் காம்பராவில் கிடப்பது என்று பேசிவைத்திருந்தோம்.

சேர் பலகையில் எழுதினார். மேசைக்கு மேசா. ஜன்னலுக்கு ஜனேலா. சாவிக்கு ஷாவ். நீ என் தொடையில் கிள்ளினாய்.

“ஏண்டி, இந்தாளுக்கு ஒரு மண்ணும் தெரியல. நம்ம தமிழையே நெளிச்சு நமக்கே விக்கிறான்.”

புத்தகம் ஆண்பால், மேசை பெண்பால் என்று அவர் சொன்னதும் எழுந்தேவிட்டாய். “மேசை பொம்பளைன்னு யாரு சேர் பாத்தாங்க?” வகுப்பே சிரித்தது. சேர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் விசாவுக்கென்று எல்லோருடைய பாஸ்போட்டையும் கேட்டார். கொடுத்துவிடுவோம் என்று நான் கெஞ்சினேன். “ஜன்னலுக்கு ஜனேலாங்கிறவன் கையிலயா குடுக்கச் சொல்ற?” என்று என்னைத் தரதரவென்று கீழே இழுத்து வந்தாய். பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நாளில் மேல்மாடிக்குப் பூட்டு விழுந்தது. பாஸ்போட்டைக் கொடுத்தவர்கள் பொலிசுக்கு நடையாய் நடந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் போனில் தேடிப் பார்த்தோம். மேசா, ஜனேலா, ஷாவ், எல்லாமே உண்மை. அந்தக் காலத்தில் கப்பலில் வந்தவர்களிடமிருந்து தமிழ்தான் அவற்றை வாங்கியிருக்கிறது. தப்பான காரணத்துக்குச் சந்தேகப்பட்டு நம் இருவரையும் காப்பாற்றியிருக்கிறாய். விழுந்து விழுந்து சிரித்தாய். “அப்ப ஆளு பொய், பாஷை நெசம். படிப்போம்டி.”

பிறகு போனே நமக்குச் சேர். மலை ஏறும்போது வினைச்சொற்கள், இறங்கும்போது கேள்விகள். போகிறேன், போகிறோம் என்று நம் பாஷையில் வருவதைப் போலவே அங்கும் சொல்லின் முடிவைக் கேட்டே ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்றதும் உனக்கு அதன்மீது கொஞ்சம் மரியாதை வந்தது. ‘இருக்கிறேன்’ என்பதற்கு நிலையாக இருக்க ஒரு சொல், இப்போதைக்கு இருக்க இன்னொரு சொல் என்றதும் அந்த மரியாதை போய்விட்டது. “எதுக்குடி ரெண்டு? ஏமாத்தத்தான்.” ஏமாறாமல் இருக்கத் தேவையானவற்றையே பொறுக்கி மனப்பாடம் செய்தோம். பாஸ்போட் எங்களிடமே இருக்கும். எழுதித் தாருங்கள். நாங்கள் எங்கே தங்குவோம்?

மழை விட்ட ஒரு நாள் கொழுந்து பறிக்கையில் குளவிக்கூடு கலைந்து உன்னை மொய்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நீ போய்விட்டாய். எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான்.

இன்று வீடியோவில் நேர்முகம். இம்முறை ஆட்களை அனுப்புகிற இடம் பதிவு செய்யப்பட்டதுதானா என்று நானே போய் விசாரித்தேன். உன் சந்தேகம் முழுவதும் இப்போது என் தலையில்தான் இருக்கிறது. பண்ணையிலிருந்து ஒரு பெண் போர்த்துக்கேயத்தில் பேசினாள். தோட்டத்தைக் காட்டச் சொன்னேன், காட்டினாள். தங்கும் அறையைக் காட்டச் சொன்னேன். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியில், யாரோடு வருகிறீர்கள் என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று முறைத்தேன். பிறகு, தனியாக வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ‘தனியாக’ என்ற சொல்லை நாம் படிக்கவே இல்லையடி. ஊரையே சந்தேகப்பட்டோம், இரண்டு பேரில் ஒருத்தி இல்லாமல் போவாள் என்று மட்டும் நமக்குச் சந்தேகமே வரவில்லை.