முப்பத்திரண்டு மணல் புட்டிகள்

ஆவடி, 28 செப்டம்பர் 1946

முப்பத்திரண்டாவது புட்டியும் முடிந்தது. தெற்கே ஒவ்வொரு கடற்கரையின் மஞ்சள் மணலும் ஒவ்வொரு புட்டியில். மேலே ஒட்டிய லேபிளில் எண், ஊர், தேதி, என் கையெழுத்து. ஜப்பானில் குண்டு விழுந்ததிலிருந்து இந்த மணலுக்கு அடித்தது யோகம்! இதிலும் அணுச்சரக்கு இருக்கிறதாம். கள்ளமணல் பிடிபட்டால், புட்டிகளோடு ஒப்பிட்டு எந்தக் கரையது என்று எங்கள் ஆபீஸ் வெள்ளைக்காரத் துரை சொல்லிவிடுவார். அலமாரியைப் பார்க்கப் பார்க்க எனக்குத் திகட்டவில்லை.

2 அக்டோபர்

துறைமுகத்தில் மணல் மூட்டைகளோடு லாரி பிடிபட்டது. ஓட்டியவன் தங்கை ஹில்டாவின் புருஷன் வேதமுத்து! வாடகைக்கு ஏற்றினேன் என்கிறான். எங்கள் கிடங்கில் திருடியது என்கிறது போலீஸ். பூந்தமல்லி சப்-ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். கிடங்கில் வைத்திருந்தது ஒன்பதாம் புட்டியின் கரை மணல் மட்டும்; மிச்சமும் போன வாரம் வெளியே அனுப்பியாகிவிட்டது, ஒப்பிடப் புட்டிதான் உண்டு. மூட்டையில் இருப்பது வேறு கரை மணல் என்றால் பிழைத்தான்.

4 அக்டோபர்

ஆயுத பூஜை. வேதமுத்துவைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். ஐயோ! பியூன் துலுக்கானம் புட்டிகளையெல்லாம் தொட்டியில் ஊறப்போட்டு, சாம்பல் தேய்த்துக் கழுவி, பொட்டு வைத்து வரிசையாக அடுக்கியிருக்கிறான். மணல் உள்ளே இருக்கிறது, ஆனால் ஒன்றிலும் லேபிள் இல்லை, பழைய வரிசையும் இல்லை.

"பூசைக்கு அழுக்கா வெக்கலாமா சார்? பளபளன்னு கீது பாருங்க."

கத்தித் தீர்த்தேன். பாவம், அழுதுவிட்டான்.

5 அக்டோபர்

ஹில்டா வந்தாள். "எழுதறது நீதானே அண்ணே. ஏதோ ஒரு புட்டில ஒம்போதுன்னு ஒட்டிட்டா இன்னா கொறஞ்சுடும்?"

காகிதமும் பசையும் எதிரிலேயே இருக்கின்றன. கர்த்தரே, ஒட்டினால் யாருக்குத் தெரியும்?

7 அக்டோபர்

எந்தப் புட்டி எந்தக் கரை என்று தெரியாது என எழுதித் துரையிடம் கொடுத்துவிட்டேன். புது மணல் வர மூன்று வாரம் ஆகுமாம். ஹில்டா என் முகத்திலேயே கதவைச் சாத்தினாள்.

19 அக்டோபர்

இம்முறை கண்ணாடியிலேயே எண் கீறுகிறோம். துலுக்கானத்தின் கை என் கையைவிட நேராக ஓடுகிறது. திமிர் பிடித்தவன், சிரிக்கிறான்!

1 நவம்பர்

போலீஸ் முன்னிலையில் ஒப்பிட்டார்கள். மூட்டை மணல் இருபத்தாறாம் புட்டியோடு பொருந்துகிறது. எங்கள் கிடங்கு மணல் இல்லை!

6 நவம்பர்

கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் கேட்டார்: "புட்டி காப்பவர் கைதியின் மச்சான். எப்படி நம்புவது?"

துரை என் கடிதத்தை நீட்டினார். "நினைத்ததை ஒட்டியிருக்கலாம். தெரியாது என்று எழுதிக் கொடுத்தவர் இவர்."

வேதமுத்துவை விட்டுவிட்டார்கள். "முப்பத்தஞ்சு நாளு உள்ள குந்த வெச்சிட்டியே மச்சான்!" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

ஹில்டா வீட்டில் கருவாட்டுக் குழம்பு. முதல் தட்டை எனக்கு வைத்தாள், புருஷனுக்கு அப்புறம்தான்.