முதல் குறி

என் அன்பிற்கு,

பிரெஞ்சுக்காரர்களின் வரியை எதிர்த்து நம் குவாங் நாம் மாகாணத்து உழவர்களுக்காக மனு எழுதியவன் நான். எழுதத் தெரியாதவர்கள் வழக்கம்போல இடது சுட்டுவிரலைத் தாளில் வைத்துக் கணுக்கள் இருக்கும் இடங்களில் மைப்புள்ளி குறித்தார்கள்; அந்தப் புள்ளிகளின் இடைவெளிதான் அவர்களுக்குக் கையெழுத்து. பெயர் எழுதப் பயந்து, முதல் ஆளாக நானும் விரலையே குறித்தேன்.

கிழவர் பூங் மட்டும் குறிக்கவில்லை. "கடுதாசிக்கெல்லாம் வெள்ளைக்காரன் பயப்படுவானா, வாத்தியாரே?" என்று சிரித்தார்.

நேற்று மாவட்ட அதிகாரி ஊர் ஆண்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். "முதல் குறி எவனுதோ அவன்தான் தலைவன்."

என் முறை வருமுன் பூங் முன்னே வந்தார். "அது என்னுதுங்கய்யா."

"உனக்கு எழுதத் தெரியுமா கிழவா?"

"எருமைக்கே ஏர் பழக்கினவன்யா நான்."

என் விரலைவிட ஒரு கணு குட்டையான அவர் விரல் அந்தக் குறியில் அப்படியே பொருந்தியது. பிறகு என் விரலை வைத்தார்கள். பொருந்தவில்லை. நான் விரலை மடக்கிக்கொண்டு வரிசைக்குத் திரும்பினேன்.

இன்று காலை அவர் தலையை வெட்டினார்கள். அப்போதிருந்து என் சுட்டுவிரல் நகத்தில் வயல்சேறு. கழுவக் கழுவ வருகிறது.

உன் அப்பா கேட்டாரென்று நம் கல்யாணப் பத்திரத்தில் என் விரலைக் குறித்தேனே, அதை எடுத்து, கீழுள்ள குறியோடு ஒப்பிட்டுப் பார். பொருந்தாவிட்டால், நாளை இரவு நான் வீடு திரும்பும் நேரத்தில் என் குரலில் யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதே.

இப்படிக்கு,
•  •   •