பள்ளத்தில் நின்றவரைக் கேட்கப் போனேன்

அண்ணே,

இன்று காலை தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு வேலைக்குப் போகும்போது ஒரு பந்து மலையிலிருந்து உருண்டு வந்து என் காலடியில் நின்றது. மேலே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். குனிந்து எடுத்தேன். ஈர மண்ணும் கசங்கிய கொழுந்தும் கலந்த வாசம். அது உங்கள் கை வாசம். பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் தோட்டத்து மைதானத்தை எந்தப் புண்ணியவான் வெட்டினானோ, மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். ஓங்கி உதைத்தால் பந்து தேயிலைக்குள் போய்விடும். அதனால் தோட்டங்களுக்கிடையே பந்தாட்டம் நடக்கும் நாளில் பள்ளத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். வருடாவருடம் அந்த ஆள் நீங்கள்தான். அட்டை கடிக்கும், மழை நனைக்கும், ஆட்டம் மட்டும் கண்ணில் படாது. பொகவந்தலாவைக்காரர்கள் ஜெயித்ததையும் திம்புள்ளைக்காரர்கள் தோற்றதையும் நீங்கள் சத்தத்தில்தான் பார்த்தீர்கள். கூலி என்று ஒன்றும் கிடையாது. ஒரு தேத்தண்ணி, ஒரு வடை, அவ்வளவுதான்.

உதவிக்கு வருகிறவர்களைக் கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வெற்றிலை பாக்குத் தட்டோடு அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அழைப்பது நம் வழக்கம். பந்தாட்டக் கழகத்துப் பையன்கள் நாங்கள் வந்து நின்றதும் நீங்கள் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வருவீர்கள். வெற்றிலையை எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்வீர்கள். யோசிக்க அதில் ஒன்றுமில்லை என்று அண்ணிக்குத் தெரியும். உள்ளேயிருந்து சிரிப்பார்.

அப்படி என்னதான் கண்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓட்டு இருந்தப்ப ஓட்டுக் கேட்டாவது லயத்துக்கு வந்தாங்க தம்பி. பிரஜாவுரிமையோட அதையும் பறிச்சிட்டாங்க. பெரட்டுல ஏவுறாங்க, மலையில ஏவுறாங்க. இதுக்கு மட்டுந்தான் வந்து கேக்குறாங்க."

உண்மைதான். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் உங்களை 'டேய்' என்று வேலைக்கு விரட்டும் சின்னக் கணக்கப்பிள்ளை, அன்றைக்கு ஆட்டக்காரராக மைதான ஓரத்தில் வந்து நின்று, "அண்ணே, பந்து" என்பார்.

கடைசி வருடம் உங்களுக்கு நெஞ்சுச் சளி முற்றியிருந்தது. எங்கள் கழகச் செயலாளர், யாழ்ப்பாணத்து வாத்தியார், தங்கமான மனுஷர். "இவ்வளவு காலமும் பள்ளத்திலை நிண்ட மனுசன், இந்த முறை மேலை இருந்து பாக்கட்டும்" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். விருந்தாளியிடம் போய் உதவி கேட்பார்களா? உங்கள் லயத்துக்குத் தட்டுப் போகவில்லை. உங்களுக்கு மாலை போட்டு, தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தோம். பள்ளத்தில் வேறொருவர் நின்றார்.

முதல் பந்து பள்ளத்தில் விழுந்தது. "அண்ணே, பந்து" என்று குரல் கேட்டதும் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். கீழேயிருந்து பந்து வந்துவிட்டது. நீங்கள் நின்றபடியே இருந்தீர்கள். மறைக்கிறது, உட்காருங்கள் என்று பின்னாலிருந்தவர்கள் சொன்னார்கள். இடைவேளையில் பார்த்தால் நாற்காலியில் மாலை மட்டும்தான் கிடந்தது.

ஆட்டம் முடிந்ததும் உங்கள் லயத்துக்கு ஓடி வந்தேன். அடுப்போரத்தில் குந்தியிருந்தீர்கள். என்ன குறை வைத்தோம் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"ஒரு கொறையுமில்ல தம்பி. நல்லாத்தான் மரியாத செஞ்சீங்க." இருமல் அடங்கும்வரை பொறுத்திருந்தீர்கள். "அடுத்த வருசம் வந்து கேளுங்க."

உங்களுக்கு அடுத்த வருடம் வரவில்லை. அந்த வருட மழையிலேயே உங்களைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனோம். அண்ணி மகளோடு ராகலைக்குப் போய்விட்டார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை, அண்ணே. அந்த இருமலோடு உங்களைப் பள்ளத்தில் இறக்கியிருக்க முடியாதுதான். ஆனாலும் வந்து கேட்டிருக்கலாம். முடியாது என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

உதவிக்கு ஆள் அழைக்கும் பொறுப்பு இப்போது என்னுடையது. அவர் எப்படியும் வருவார் என்று யாரையும் விட்டுவிடுவதில்லை. எழுந்து நடக்க முடியாதவர்களையும் போய்க் கேட்கிறேன். அவர்கள் சட்டை போட்டுக்கொள்ளும்வரை வாசலில் நிற்கிறேன்.

லயத்தில் உங்கள் காம்பராவில் இப்போது வேறு குடும்பம். போன வாரம் அங்கேயும் தட்டோடு போய் நின்றேன். யாரைப் பார்க்க வேண்டும் என்றாள் அந்த வீட்டுப் பெண். உங்கள் பெயரைச் சொன்னேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அவரு செத்துப்போயிட்டாருங்களே."

"தெரியும்மா. கேட்டுட்டுப் போறேன்."